மோர் வெள்ளை, கஞ்சி வெள்ளை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் காப்பி கொடுக்கும்போதே கோமதி சட்டம் போட்டுவிட்டாள். சங்கரி விஷயத்தை இந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது. யாரும் என்றால் நான்தான். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

"வாயிலயும் சொல்லாதிய, டைரிலயும் எழுதாதிய. போன தடவ நீங்க எழுதுனது எனக்குத் தெரியும்" என்றாள்.

சங்கரி எங்கள் ஒரே மகள். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, ஒன்று ஐந்தில் போனது, ஒன்று ஆறில் போனது. எழுதிவிட்டேன். இனி எழுதமாட்டேன்.

ஆகவே பெயிண்ட் பற்றி எழுதுகிறேன். பின்னறைக்கு வர்ணம் அடிக்க வேண்டும். சன்னல் பக்கத்துச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் தலை படுகிற உயரத்தில், ஒரு தோசை அளவுக்கு. போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில், அந்த இரண்டாவது முறைக்குப் பிறகு, சங்கரி இங்கே வந்து அந்தச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். பேச்சே கிடையாது. கோமதி தினம் அவள் தலையில் எண்ணெய் வைத்தாள். வேறு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வைத்த எண்ணெயெல்லாம் சுவருக்குப் போய்விட்டது.

அந்தக் கறை மறுபடி அவள் கண்ணில் படக்கூடாது. வளைகாப்பு முடிந்து அவள் இங்கே வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, சுவரைத் தொடக்கூடாது. கோமதி வீட்டிலும் அந்த வழக்கம்தான், எங்கள் வீட்டிலும் அதேதான். எனவே அதற்குள் முடித்தாக வேண்டும். கையில் ரெண்டு ரெண்டரை மாதம் இருக்கிறது. ஒரு அறைக்கு இது ஏராளம்.

ஜூன் 6, வெள்ளி

பெயிண்ட் கடை. ஷேடு கார்டு என்று ஒரு விசிறி போன்ற அட்டைக் கட்டைக் கொடுத்தார்கள். பாளையங்கோட்டையில் இத்தனை நிறங்கள் இருப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

கோமதி ரோஸ் வேண்டாம் என்றாள். பெண் பிள்ளை என்று நாமே முடிவு கட்டினாற்போல ஆகிவிடுமாம். நீலமும் வேண்டாம், அதே காரணம். பச்சை வேண்டாம், தொட்டில் சேலை மாதிரி இருக்கிறது. எதையும் எதிர்பார்க்காத நிறமாக ஒன்று எடுக்கச் சொன்னாள். கடைக்காரர் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினார். வெள்ளையில் மட்டும் ஐந்து பக்கம்.

இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று ஐவரி மிஸ்ட், இன்னொன்று லினன் டஸ்க். இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு நாம் பிழைக்க முடியாது. ஐவரி மிஸ்ட் என்பது நீர்மோர் நிறம். லினன் டஸ்க் என்பது வடித்த கஞ்சியின் நிறம். மோர், கஞ்சி. முடிந்தது.

இரண்டிலும் சின்ன டப்பா ஒன்று வாங்கி வந்தேன், அடித்துப் பார்க்க.

ஜூன் 9, திங்கள்

பெயிண்டர் ஜெயசிங் வந்தார். கறைக்கு இடப்பக்கம் மோரும் வலப்பக்கம் கஞ்சியும் ஒரு முழம் ஒரு முழம் அடித்துவிட்டு, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டுல எதுக்கும் நான் கேரண்டி. கறை இருந்த இடம் தெரியாது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியுது ஒமக்கு?"

"இது இந்தப் பக்கம் இருக்கு, அது அந்தப் பக்கம் இருக்கு."

கோமதியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டும் வெள்ளதானங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காலை வெயிலில் மோர் நன்றாக இருக்கிறது. நாலு மணிக்கு மேல் கஞ்சிதான் அழகு. டியூப்லைட் போட்டால் கஞ்சி ஆஸ்பத்திரிச் சுவராகிவிடுகிறது. மோர் அப்படி ஆவதில்லை. ஆனால் மேகம் மூடினால் மோரும் அப்படித்தான்.

ஜூன் 11, புதன்

இன்று தூத்துக்குடியில் ஸ்கேன். அது பற்றி எழுதக் கூடாது.

பெயிண்ட் கடைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் கோமதி விளக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார். "சார், இதுல எத அடிச்சாலும் ஒரு வாரத்துல ஒங்களுக்கே மறந்து போவும்" என்றார். டிடிஆராக ஓடுகிற ரயிலில் ஊரையே டிக்கெட் கேட்டவன் நான். டிக்கெட் இல்லாதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். ரிட்டயர் ஆகி இரண்டு வெள்ளையைப் பிரிக்கத் தெரியாமல் கடையில் நிற்கிறேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை போன் வந்தது. "மாமா, பிள்ள நல்லாருக்கு. ஆனா கர்ப்பப்பை வாய் லேசா எளகியிருக்காம். நாளைக்கே தையல் போடணும்ங்காங்க. பயப்பட ஒண்ணும் இல்லையாம்."

சரி மாப்பிள்ளை என்றேன். பஸ் ஏறினேன். இறங்கிப் பார்த்தால் ஜங்ஷன் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கால் பழைய பழக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இரண்டு வண்டி போன பிறகு வீட்டுக்கு வந்தேன். கோமதி வாசலிலேயே நின்றிருந்தாள். "பிள்ள நல்லாருக்காம்" என்று மட்டும் சொன்னேன். தையல் விஷயத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். அவள் அதற்குள் தூத்துக்குடிக்குப் பேசிவிட்டிருந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

தையல் போட்டாயிற்று. சங்கரி இரண்டு நிமிஷம் பேசினாள்.

"அப்பா, என்ன பண்ணுதீங்க?"

"சும்மாதாம்மா இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. மழை உண்டா என்று கேட்டுக்கொண்டோம்.

ஜூன் 21

மோர்.

ஜூன் 22

கஞ்சி.

ஜூன் 30, திங்கள்

ஆறாம் மாதம். கோமதி போனைத் தொடமாட்டேன் என்கிறாள். மணி அடித்தால் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். நான்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இன்று மூன்று முறை அடித்தது. சிலிண்டர்காரர், லோன் வேண்டுமா என்று ஒரு பெண், மறுபடியும் சிலிண்டர்காரர். சிலிண்டர்காரரைக் கண்டபடி ஏசிவிட்டேன். பாவம், மாடியா தரைத்தளமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

பயமாக இருக்கிறது. இதைக் கோமதியிடம் சொல்ல முடியாது. அவள் என்னிடம் சொல்லமாட்டாள். ஆர்.ஏ.சி. டிக்கெட் மாதிரி இருக்கிறோம். உட்கார இடம் உண்டு, கால் நீட்டத்தான் வழியில்லை.

ஜூலை 14, திங்கள்

ஜெயசிங் பொறுமை இழந்துவிட்டார். ஒரு மாதமாக நாளை நாளை என்று அவரை இழுத்தடித்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, நீங்களும் முடிவு பண்ணமாட்டிய, என்னையும் வேற வேலைக்கு விடமாட்டிய. ஒண்ணு செய்வோம். கறையிலயே பாதிக்கு இத அடிக்கேன், பாதிக்கு அத அடிக்கேன். எது நல்லா மறைக்குதோ அதயே ரூமுக்கு அடிச்சிருவோம்."

சுமையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. நான் முடிவு செய்ய வேண்டாம். கறையே முடிவு செய்யட்டும். ஆடி பிறப்பதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டோம் என்று கோமதிக்கும் ஒரு சமாதானம்.

அடித்தார். பத்து நிமிஷத்தில் கறை காணாமல் போயிற்று. சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவர் முன்னால் நின்று காப்பி குடித்தோம்.

ஜூலை 16

இரண்டு பக்கமும் சுத்தம். மோர்தான் ஒரு பொட்டு கூடுதலாக மறைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

மோர்ப் பக்கம் மஞ்சளாக ஏதோ தெரிகிறது. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜூலை 19

வெயில் இல்லை. எண்ணெய். கஞ்சிப் பக்கமும் எழும்பிவிட்டது. ஜெயசிங் வந்து இன்னொரு கோட் அடித்தார். "இதோட சோலி முடிஞ்சிது" என்றார்.

ஜூலை 24, வியாழன்

சோலி முடியவில்லை. மறுபடியும் வந்துவிட்டது. அதே இடம், அதே வட்டம்.

கோமதி விளக்குமாற்றோடு பின்னறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். சங்கரி உட்கார்ந்த இடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அது போவமாட்டேங்குதுங்க" என்றாள். "நான் வச்ச எண்ணதானே. அப்பவே ஒரு துணிய மடிச்சு அவ தலைக்குப் பின்னால வச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா? எனக்குத் தோணலையே. மூணாவது தடவயும் அப்படியே வந்து நிக்குது பாருங்க."

மூணாவது தடவை என்று சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சுவரைத்தான் சொன்னாள். ஆனாலும் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். பெயிண்டுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது, இதில் சகுனம் பார்க்க ஒன்றுமில்லை என்று அவளுக்கு விளக்கிச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் வேட்டி நுனியால் அந்தக் கறையைத் தேய்த்துப் பார்த்தேன்.

ஜெயசிங்குக்குப் போன் போட்டு உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்ட் பூசினால்தான் போகும் என்கிறார். வருகிற திங்கட்கிழமை சுத்தியும் உளியுமாக வருகிறார்.

ஜூலை 28, திங்கள்

காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை போன். சங்கரிக்கு இடுப்பு வலி. காரில் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கே வந்துகொண்டிருக்கிறார்கள். ஏழாம் மாதம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

போனை வைக்கவில்லை, ஜெயசிங் வாசலில் நிற்கிறார். கையில் சுத்தி. கோமதி கத்திவிட்டாள். "அத வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க. வெளிய வைங்க. வெளிய வைங்க." அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் சுத்தியைத் தெருவிலேயே போட்டுவிட்டார்.

பிறகு அவர்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

ஜூலை 29

வலி நின்றிருக்கிறது. குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். நின்றிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "நின்னிருக்கு. ஆனா இனிமே தூத்துக்குடியெல்லாம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே படுத்தே இருக்கணும்" என்றார்.

பக்கத்தில் என்றால் எங்கள் வீடு.

வளைகாப்பு இல்லை, வளையல் இல்லை, நல்ல நாள் பார்க்கவில்லை, ஆடி மாதம் வேறு. மகள் வருகிறாள். சுவர் அப்படியே இருக்கிறது. இனித் தொட முடியாது.

ஆகஸ்ட் 2, சனி

நாளை சங்கரி வருகிறாள். கறையை மறைக்க என் மூளையில் ஒரு வழி உதித்தது. பீரோ. எங்கள் அறையிலிருந்து நானும் கோமதியுமாகத் தள்ளிக்கொண்டு போனோம். நிலைப்படியில் சிக்கி, உள்ளே இருந்த சேலையெல்லாம் வெளியே எடுத்து, மறுபடி தள்ளி, கடைசியில் அந்தச் சுவரை ஒட்டி நிறுத்தியாயிற்று. சன்னலில் பாதி மறைந்துவிட்டது. பரவாயில்லை. என் இடுப்பு போய்விட்டது. அதுவும் பரவாயில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சங்கரி வந்து கட்டிலில் படுத்ததும் முதலில் கேட்டது:

"பீரோ எதுக்கு இங்க வந்துச்சு?"

"அங்க இடம் பத்தலம்மா" என்றேன்.

"இங்க மட்டும் எடம் இருக்கா? காத்து எங்க வரும்?"

கோமதி, பீரோ அங்கே இருப்பதுதான் வாஸ்துப்படி நல்லது என்று ஏதோ சொன்னாள். அவளுக்கு வாஸ்துவில் நம்பிக்கையே கிடையாது. சங்கரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தக் கறைக்காகத்தானே? எனக்குத் தெரியும்மா. போன பொங்கலுக்கு வந்தப்பவே பாத்தேன். பீரோவ எடுங்க."

மாப்பிள்ளையும் நானும் பீரோவைத் தள்ளினோம். சுவர் முழுசாகத் தெரிந்தது. இடப்பக்கம் மோர், வலப்பக்கம் கஞ்சி, நடுவில் பாதி பாதியாக இரண்டும், அதற்கு மேல் எண்ணெய். சங்கரி சிரித்துவிட்டாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

"என்னப்பா இது?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மோர், கஞ்சி, காலை வெயில், டியூப்லைட், ஜெயசிங். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்தபடியே கேட்டேன். "ஒனக்கு எது பிடிச்சிருக்கு?"

தலையணையிலிருந்து தலையைத் தூக்கி இரண்டையும் பார்த்தாள்.

"ரெண்டும் வேண்டாம்ப்பா. வீட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கீங்க. நான் போன் பண்ணா மழை பெய்யுதாங்கீங்க. சுவரும் ஒண்ணும் சொல்லாம இருக்கணுமா?"

விரலை நீட்டிக் கறையைக் காட்டினாள்.

"அந்த எடத்துல உக்காந்துதான் ரெண்டு பேருக்காவவும் அழுதேன். அதுவும் போயிட்டா அவங்க வந்தது எங்கதான் இருக்கு? ஒரு போட்டோ உண்டா, பேர் உண்டா?" என்றாள். பிறகு அவளே, "பேர் உண்டு. நான் வச்சேன். மூத்தது குருவி. ரெண்டாவது பட்டாணி" என்றாள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. கோமதி எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். கட்டிலை அந்தச் சுவரை ஒட்டிப் போடச் சொன்னாள். சங்கரியின் தலைமாட்டில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்தாள். தேய்த்துக்கொண்டே, "குருவின்னா, எதுக்கு குருவி?" என்று கேட்டாள்.

சங்கரி சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் இருவருக்கும் உள்ளது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சங்கரிக்கு மஞ்சள் வேண்டுமாம். வெளிர் மஞ்சள் இல்லை, நல்ல மஞ்சள். கறையைக் கொத்தி எடுக்க மட்டும் கூடாதாம். ஷேடு கார்டைக் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்தேன். படுத்தபடியே ஒரு நொடியில் விரலை வைத்துக் காட்டிவிட்டாள். நான் இரண்டு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

ஜெயசிங்கிடம் காட்டினேன். "அண்ணாச்சி, இது பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அடிக்க கலரு" என்றார்.

பிள்ளை பிறந்த பிறகுதான் அடிக்க முடியும், ஆனால் டின்னை இப்போதே வாங்கி வைக்க வேண்டும் என்று சங்கரிக்கு ஒரே பிடிவாதம். வாங்கிக்கொண்டு வந்தேன். கோமதி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"என்னங்க இது? பொறக்கதுக்கு முன்னால ஒரு துணி வாங்குவமா? ஒரு கிலுகிலுப்ப வாங்குவமா? நீங்க பெயிண்ட வாங்கிட்டு வந்து நிக்கிய."

"சுவருக்குத்தானே வாங்கினேன்?"

"அந்தச் சுவரு யாருக்கு?"

டின்னோடு கடைக்கே திரும்பப் பார்த்தேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது அதைவிட மோசம் என்றும் அவளே சொன்னாள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தால் நாம் வாங்கியதாக ஆகாதாம். அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். இந்தக் கணக்கு அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 27

எட்டாம் மாதம். சங்கரி படுத்தபடியே சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறாள். இப்போது வீட்டில் எல்லாம் பேசுகிறோம். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. முன்பு இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்தோம், இப்போது மூன்று பேரும் சேர்ந்து பயப்படுகிறோம். சனி, ஞாயிறு மாப்பிள்ளை வந்தால் நாலு பேர்.

செப்டம்பர் 9

இரவு முழுக்க உதைத்ததாம். காலையில் சொன்னாள். கோமதி கேட்டுவிட்டு, போகிற போக்கில், டின் இருக்கிற பக்கத்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலை ஆறு மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆஸ்பத்திரி. உள்ளே கூட்டிப்போனார்கள், கோமதியை மட்டும் கூட விட்டார்கள். மாப்பிள்ளை தூத்துக்குடியிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எதிரே சுவர். மோரா, கஞ்சியா என்று பார்த்தேன். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் பழகியும் கண்டுபிடிக்க முடியவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நர்ஸ், "தாத்தா, உக்காருங்க" என்றாள். தாத்தா என்கிறாயே, அதற்குள் சொல்லாதேம்மா என்று சொல்ல வந்தேன். சொல்லாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. கோமதி. தலையெல்லாம் கலைந்து, கண் சிவந்து. அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற என் வித்தை அத்தனையும் போய்விட்டது.

"பத்துப் பன்னெண்டு நாளாவது பிள்ளய இங்கதான் வச்சிருப்பாங்களாம், எட கம்மியாம்" என்றாள். மூச்சு வாங்கினாள். "நீங்க போயி அக்கா வீட்டுல இருக்கிற டின்ன எடுத்துட்டு வந்திருங்க. ஜெயசிங்க நாளைக்கே வரச்சொல்லுங்க. நாங்க வாறதுக்குள்ள வாசம் போயிரணும்."

சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். பாத்திமுத்து அக்கா என்னைக் கண்டதும் மாடிப்படிக்குக் கீழே போனார். டின்னில் தூசி படாமல் ஒரு பழைய துப்பட்டாவால் மூடி வைத்திருந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல்படி ஏறினேன். கனமாகத்தான் இருந்தது.

டின் இப்போது பின்னறையில், அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது. கறைக்கு மேலேயே அடிக்கச் சொல்லிவிட்டேன். எழும்பினால் எழும்பட்டும்.

பெண் குழந்தை. எழுதிவிட்டேன்.